இதுவரை காசநோயே வராத மாமாவுக்கு மருந்துக்கு அடங்காத கிருமி எப்படி வந்தது?

கேள்வி: சிப்புட்காரன்

அனைவருக்கும் வணக்கம். பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், பழைய இரப்பர் தோட்டத்து லயங்களை இடித்துவிட்டுக் கட்டிய தாமான் ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். என் தாய்மாமா செம்பனைக் குலை ஏற்றும் லாரியை நெடுங்காலமாக ஓட்டி வருகிறார். கோயில் திருவிழா என்றால் அன்னதானச் சமையலுக்கும் அவரே முன்னிற்பார். இருமலும் இரவு வியர்வையும் விடாமல் தொடர்ந்ததால் அரசாங்கக் கிளினிக்கில் சளியைக் கொடுத்தார். காசநோய்க் கிருமி இருப்பதாகவும், அது ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்கு அடங்காத வகை என்றும் இயந்திரம் காட்டியதாகச் சொல்லி அவரை ஈப்போவுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

செய்தி பரவிய நாளிலிருந்து ஒட்டுக்கடையில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். முன்பு வந்த நோயை மறைத்து, மாத்திரையைப் பாதியில் விட்டதன் விளைவு என்பது ஒரு தரப்பு. தோட்டத்துக் கொங்சியில் தங்கியிருக்கும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்கள் கொண்டுவந்து ஒட்டவைத்துவிட்டார்கள் என்பது மறு தரப்பு. மாமாவுக்கு இதற்கு முன் காசநோய் வந்ததே இல்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். மருந்தே சாப்பிடாத ஒருவரின் உடலில் மருந்தை எதிர்க்கும் கிருமி எப்படி உருவாகும்? யாரிடமிருந்து வந்தது என்று கிருமியின் மரபணுவைப் பார்த்துச் சொல்ல முடியுமா? இந்த வகை சாதாரணக் காசநோயைவிட வேகமாகத் தொற்றுமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஆய்வுக்கூடத்துக்காரி

தம்பி, நான் பணி ஓய்வு பெறும்வரை நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் சளியையும் கல்ச்சரையும் பார்த்தவள். உங்கள் முதல் கேள்விக்கு விடை எளிது: கிருமி அவர் உடலில் எதிர்ப்பைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய தேவையில்லை. வேறொருவர் உடலில் எதிர்ப்பைப் பெற்றுவிட்ட கிருமி காற்றின் வழியே அவருக்கு வந்து சேர்ந்திருக்கலாம்.

எதிர்ப்பு முதன்முதலில் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஒட்டுக்கடைப் பேச்சின் முதல் பாதி இதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்தது. வேறு பல பாக்டீரியாக்கள் எதிர்ப்பு மரபணுக்களைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும். காசநோய்க் கிருமியிடம் அந்த வழக்கம் இல்லை. அது பெருகும்போது தன் டிஎன்ஏவைப் படியெடுக்கையில் தற்செயலாக நேரும் எழுத்துப் பிழைகளிலிருந்தே எதிர்ப்பு வருகிறது. ஐசோனியாசிட் என்ற இன்னொரு காசநோய் மருந்தை எதிர்க்கும் பிழை ஏறத்தாழ 10 இலட்சம் கிருமிகளில் 1க்கும், ரிஃபாம்பிசினை எதிர்க்கும் பிழை ஏறத்தாழ 10 கோடியில் 1க்கும் நேர்வதாகப் பாடநூல்கள் கணக்கிடுகின்றன. நுரையீரலில் குழி விழுந்த நோயாளிக்கு அந்தக் குழியில் மட்டுமே 1 கோடி முதல் 100 கோடி வரை கிருமிகள் இருக்கக்கூடும். ஆகவே மருந்து தொடங்கும் முன்பே ஏதாவதொரு மருந்துக்கு அடங்காத சில கிருமிகள் அங்கே இருக்கும். ஒற்றை மருந்தைக் கொடுத்தால் மற்றவை அழிய, அந்தச் சில மட்டும் தழைக்கும். ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியே கொடுத்துப் பிரிட்டனில் நடத்திய சோதனையின் முடிவு 1948இல் வெளிவந்தபோதே இது தெரிந்துவிட்டது: முதலில் தேறிய நோயாளிகள் பலரிடம் சில மாதங்களில் மருந்துக்கு அடங்காத கிருமி தலைதூக்கியது. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டையும் ஒருசேர எதிர்க்கும் கிருமி தற்செயலாகத் தோன்ற 100 இலட்சம் கோடிக் கிருமிகள் வேண்டும். அத்தனை எந்த நுரையீரலிலும் இருப்பதில்லை. இன்று நான்கு மருந்தையும் ஒரே மாத்திரையில் அடைத்துக் கொடுப்பதன் கணக்கு இதுதான்.

எனவே யாரோ ஒருவர், எங்கோ ஓரிடத்தில், அரைகுறைச் சிகிச்சை பெற்றிருக்கிறார் என்பது உண்மை. அவர் உங்கள் மாமாவாக இருக்கவேண்டும் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாநிலத்தில், மிகக் கடுமையான மருந்து எதிர்ப்புக் காசநோய் கண்ட 404 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், 69 விழுக்காட்டினர் அதற்கு முன் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு (ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காத வகை) மருந்தே உண்ணாதவர்கள் என்று தெரியவந்தது. அந்த நிலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முற்றிப் போகாமல், முற்றிய கிருமியையே நேரடியாக மூச்சில் இழுத்தவர்கள் அவர்கள்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள், தம்பி: இரண்டாவது சளி மாதிரியை எடுத்தார்களா? அந்த இயந்திரம் இரண்டு மணி நேரத்துக்குள் விடை சொல்லிவிடும். ஆனால் அது பார்ப்பது ஆர்பிஓபி என்ற ஒரே மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை மட்டுமே. சளியில் கிருமி மிகக் குறைவாக இருந்தால், சில வேளைகளில் இல்லாத எதிர்ப்பை இருப்பதாகக் காட்டிவிடும். முன்பு சிகிச்சை பெறாதவருக்கு, எதிர்ப்பு அரிதாக உள்ள நாட்டில் இப்படி விடை வந்தால், புதிய சளியை எடுத்து மீண்டும் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தவறும் இரண்டு பக்கமும் நேரும். எஸ்வாத்தினி நாட்டில் அந்த 81 எழுத்துக்கு வெளியே நேர்ந்த ஒரு பிறழ்வு (எழுத்துப் பிழை) பரவலாகி, இயந்திரம் பல எதிர்ப்புக் கிருமிகளைச் சாதாரணம் என்று விட்டுவிட்டது. கல்ச்சரில் கிருமியை வளர்த்து, மருந்தை எதிரில் வைத்துப் பார்க்கும் பழைய முறை இன்னமும் கைவிடப்படாமல் இருக்கும் காரணம் இதுவே. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிப்பாகவே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும்.

பதில்: தாமான் குடியிருப்பாளர்

அக்காவின் விளக்கம் நன்று. ஆயினும் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா மூன்றும் மருந்து எதிர்ப்புக் காசநோய்ச் சுமை மிகுந்த 30 நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த பட்டியலில் உள்ளன. மலேசியா அதில் இல்லை. அப்படியிருக்க, வெளியிலிருந்து வந்தது என்று மக்கள் பேசுவதை வெறும் வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியுமா? வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் கட்டாயமான ஃபோமேமா மருத்துவப் பரிசோதனையில் எக்ஸ்ரே எடுத்த பிறகும் இப்படி நடக்கிறது என்றால் சோதனையில் ஓட்டை இருக்கிறது என்றுதானே பொருள்?

பதில்: மரபணு மாணவன்

ஐயா சொன்ன பட்டியல் சரியானது. அதே பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் ஊருக்குப் போய் வருகிற நம் உறவினர்களை யாரும் வாசலில் நிறுத்தி எக்ஸ்ரே கேட்பதில்லை. எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை, அது நுரையீரலில் ஏற்கெனவே நிகழ்ந்த சேதத்தைக் காட்டும். உடலுக்குள் உறங்கிக் கிடக்கும் தொற்றைக் காட்டாது. தொற்று ஏற்பட்டவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே வாழ்நாளில் நோயாக வெடிக்கிறது, அதற்குச் சில மாதங்களும் ஆகலாம், பல ஆண்டுகளும் ஆகலாம். ஆகவே ஒழுங்காக நடந்த சோதனையைத் தாண்டியும் ஒருவர் பின்னாளில் நோயாளியாகலாம். அவர் சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கலாம், இங்கே ஓர் அறையில் பலராக அடைத்து வைக்கும் கொங்சியில் புதிதாகவும் வாங்கியிருக்கலாம்.

கேள்வி கேட்ட அன்பர் மரபணுவைப் பற்றிக் கேட்டிருந்தார். நான் படிக்கும் துறை அது என்பதால் சற்று நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனிதரைத் தாக்கும் காசநோய்க் கிருமிகள் எல்லாம் ஒரே குடும்பம். அதில் இதுவரை 10 பெருங்கிளைகளைப் பிரித்திருக்கிறார்கள். முதற்கிளை இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கு உரியது: தென்னிந்தியா, கிழக்காப்பிரிக்கா, பிலிப்பீன்ஸ், நம் வட்டாரம். பெய்ஜிங் வகை என்று பலர் அறிந்தது இரண்டாம் கிளையைச் சேர்ந்தது. சீனாவிலும் வியட்நாமிலும் மட்டுமின்றி, சோவியத் ஒன்றியம் சிதைந்த பின் மத்திய ஆசியாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் மருந்து எதிர்ப்போடு பெருகியது அதுவே. மூன்றாம் கிளை வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மிகுதி. நான்காவது ஐரோப்பா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா என எங்கும் காணப்படும். மலேசியாவில் நடந்த ஆய்வுகளில் முதற்கிளையும் பெய்ஜிங் வகையும் பெருமளவில் காணப்பட்டுள்ளன. வங்காளதேசத்திலோ முதல் நான்கு கிளைகளும் கலந்து கிடக்கின்றன. எனவே மாமாவின் கிருமி எந்தக் கிளை என்று தெரிந்தாலும் அதை வைத்து ஒரு நாட்டைச் சுட்ட முடியாது. முதற்கிளை என்று வந்தால், ரஜுலா கப்பலில் நம் கொள்ளுத்தாத்தாக்களோடு நாகப்பட்டினத்திலிருந்து வந்திறங்கிய கிருமியின் வழித்தோன்றல் என்றுகூட ஒருவர் வாதிடலாம். அதை மறுக்கவும் கிளைப்பெயர் மட்டும் போதாது.

நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் முழு மரபணுத்தொகுதியையும் படிக்க வேண்டும். 1998இல் முதன்முதலாகப் படித்து முடிக்கப்பட்ட காசநோய்க் கிருமியின் மரபணுத்தொகுதி 44 இலட்சம் எழுத்துகள் கொண்டது. அதில் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு ஓர் எழுத்துதான் மாறுகிறது. தோட்டத்து ஆபீசில் எழுத்தரான கிராணி மாதாமாதம் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் படியெடுக்கையில் ஒரு பெயரைப் பிழையாக எழுதிவிட்டால், அதன்பின் வரும் எல்லாப் படிகளிலும் அந்தப் பிழை தொடரும் அல்லவா? இரண்டு புத்தகங்களில் ஒரே பிழைகள் இருந்தால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று அறியலாம். இங்கிலாந்தில் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்றின்படி, இருவரின் கிருமிகளுக்கு இடையே 5 எழுத்து அல்லது அதற்கும் குறைவான வேறுபாடு இருந்தால் அண்மைக்காலத் தொற்றுத்தொடர்பு இருக்க வாய்ப்பு மிகுதி. 12க்கு மேல் போனால் நேரடித் தொடர்பு இல்லை என்றே கொள்ளலாம். கொங்சியில் நோயாளி ஒருவர் இருந்து, அவர் கிருமிக்கும் மாமாவின் கிருமிக்கும் நூற்றுக்கணக்கில் வேறுபாடு வந்தால், ஒட்டுக்கடை வழக்கு அத்தோடு தள்ளுபடி. வேறுபாடு இரண்டு எழுத்துதான் என்று வந்தால்? அப்போதும் இவரிடமிருந்து அவருக்கா, அவரிடமிருந்து இவருக்கா, இருவருக்கும் மூன்றாமவரிடமிருந்தா என்பதை எழுத்துகள் மட்டும் சொல்லிவிடாது. யாருக்கு எப்போது இருமல் தொடங்கியது, எங்கே ஒன்றாக இருந்தார்கள் என்ற விசாரணையும் வேண்டும்.

இதற்கு முந்தைய முறை நம்மவர்களிடம் பெரிதும் தோற்றுப்போனது என்பதையும் சொல்ல ஆசை. 1990களில் ஐஎஸ்6110 என்னும் டிஎன்ஏ துண்டு கிருமியில் எத்தனை இடங்களில் அமர்ந்திருக்கிறது என்பதைக் கைரேகைபோலப் பயன்படுத்தினார்கள். பெய்ஜிங் வகையில் அது பல இடங்களில் இருப்பதால் நன்றாகவே வேலை செய்தது. தமிழ்நாட்டு நோயாளிகளின் கிருமிகளில் பெரும் பங்கில் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது. சிலவற்றில் அதுவும் இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நோயாளிகளெல்லாம் ஒரே கிருமியைச் சுமப்பவர்கள்போலத் தோன்றினார்கள். முழுத்தொகுதியைப் படிக்கும் முறை வந்த பிறகே அவை உண்மையில் எவ்வளவு வேறுபட்டவை என்று தெளிவாகத் தெரிந்தது.

பதில்: பழைய டிரஸ்ஸர்

வெளிநாட்டுத் தொழிலாளர் வருமுன் இங்கே காசநோய் இல்லாததுபோலப் பேசுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒரே அறையும் ஒரு திண்ணையும் கொண்ட லயத்து வீட்டில் எட்டுப் பேர் படுத்த காலத்தை நான் கண்டவன். காசநோயாளிகளுக்கென்றே சேராசில் லேடி டெம்ப்ளர் மருத்துவமனையைக் கட்டியது வங்காளதேசிகளுக்காகவா? நாடளாவிய காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961இல் தொடங்கியதும் நம் மக்களுக்காகத்தான். அக்காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு, உடம்பு தேறியதும் நாள் கூலி போகிறதே என்று பால்வெட்டுக்குத் திரும்பியவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மறுகேள்வி: சிப்புட்காரன்

அக்காவுக்கும் ஐயாக்களுக்கும் நன்றி. இரண்டாவது சளி மாதிரியை ஈப்போவில் எடுத்துவிட்டார்களாம். அதிலும் அதே விடைதான் வந்திருக்கிறது. இனி இரண்டு கேள்விகளே மீதம். இந்தக் கிருமி கூடுதல் வீரியம் உள்ளதா? வீட்டில் மாமாவின் பேரப்பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன செய்வது? கோயிலில் அவர் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள் அஞ்சுகிறார்கள்; அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில்: மரபணு மாணவன்

வீரியத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். எதிர்ப்பைத் தரும் பிறழ்வு பெரும்பாலும் கிருமிக்கும் ஒரு விலையை வைக்கும். ஆர்பிஓபி மரபணு கிருமியின் அன்றாட வேலைக்கு அவசியமான ஒரு நொதிக்கு உரியது, அதில் கைவைத்தால் கிருமி மெதுவாகப் பெருகும். எதிர்ப்புக் கிருமிகள் தாமாகவே ஓய்ந்துவிடும் என்று ஒரு காலத்தில் நம்பியிருந்ததற்கு இதுவே அடிப்படை. அந்த நம்பிக்கை பொய்த்தது. 2006இல் வெளிவந்த ஆய்வு, நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படும் ஆர்பிஓபி பிறழ்வே இழப்பு மிகக் குறைவான பிறழ்வு என்று காட்டியது. பின்னர், அருகிலுள்ள ஆர்பிஓசி மரபணுவில் இன்னொரு மாற்றம் நேர்ந்து, இழந்த வேகத்தைக் கிருமி மீட்டுக்கொள்வதையும் கண்டார்கள். அப்படி மீண்ட கிருமி சாதாரணக் கிருமி அளவுக்கே பரவ வல்லது. அதைவிட வேகமாகப் பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நடைமுறையில் பரவலைக் கூட்டுவது வேறொன்று: பொருந்தாத மருந்தை உண்டுகொண்டு, குணமாகிவருவதாக நம்பி, ஒருவர் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருக்கும் இடைவெளி.

அந்த இடைவெளி ஆண்டுக்கணக்கில் நீண்டால் என்ன ஆகும் என்பதற்கு குவாசுலு-நட்டாலின் துகேலா ஃபெரி என்ற ஊர் சாட்சி. அங்கே மிகக் கடுமையான மருந்து எதிர்ப்புக் காசநோய் கண்ட 53 நோயாளிகளில் 52 பேர் இறந்த செய்தி 2006இல் உலகை உலுக்கியது. பின்னர் அக்கிருமியின் மரபணுவைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, அது ஐசோனியாசிட்டை எதிர்க்கத் தொடங்கியது 1950களின் இறுதியில் என்று தெரிந்தது. ஒவ்வொரு மருந்தாகப் புதிதாக வர வர, அவற்றுக்கும் எதிர்ப்பைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை.

பதில்: கிளினிக் மிஸ்ஸி

தம்பி, முதலில் கோயில் விஷயத்தை முடித்துவிடுவோம். காசநோய் சோற்றிலும் சாம்பாரிலும் பரவாது. தட்டு, குவளை, துணி வழியாகவும் பரவாது. நுரையீரல் நோயாளி இருமும்போதும் பேசும்போதும் காற்றில் மிதக்கும் நுண்துளிகளை, மூடிய இடத்தில் நீண்ட நேரம் மூச்சாக இழுப்பவருக்கே ஆபத்து. திறந்த கொட்டகையில் சமைத்ததைப் பந்தியில் உண்டவர்கள் அஞ்சத் தேவையில்லை.

பேரப்பிள்ளைகளை இந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்து வாருங்கள். பிறந்தவுடன் போட்ட பிசிஜி ஊசி குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளிலிருந்து பெரிதும் காக்கும், தொற்றையே தடுத்துவிடாது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களிடம் தொற்று நோயாக மாறும் வேகம் அதிகம் என்பதால் காத்திருப்பது நல்லதன்று. சாதாரணக் காசநோயாளியின் வீட்டாருக்குக் கொடுக்கும் தடுப்பு மாத்திரை இங்கே பயன்படாமல் போகலாம். பன்மருந்து எதிர்ப்புக் கிருமியின் தொடர்பில் இருந்தவர்களுக்கு ஆறு மாதம் லெவோஃப்ளாக்சசின் என்ற மருந்தைக் கொடுக்கலாம் என்று 2024இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. அது உங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்பதை ஈப்போ மருத்துவர்தான் முடிவு செய்வார். அவர்களிடம் மாமாவின் விடைத்தாளைக் காட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

மாமாவின் சிகிச்சையை எண்ணிக் கலங்க வேண்டாம். முன்பு 18 மாதத்துக்கும் மேலாக, காது கேட்காமல் செய்துவிடும் ஊசிகளோடு நடந்த சிகிச்சை, 2022க்குப் பின் தகுதியுள்ளவர்களுக்கு ஆறு மாத மாத்திரையாகச் சுருங்கியிருக்கிறது. அதிலுள்ள மருந்துகளில் பெடாகுயிலின் எடுப்பவருக்கு அவ்வப்போது இருதயத்தின் ஈசிஜி பார்ப்பார்கள். லினேசொலிட் எடுக்கையில் பாதம் மரத்துப்போவதாக உணர்ந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் உடனே சொல்ல வேண்டும், ஏனென்றால் லாரி ஓட்டுபவருக்குப் பாதத்தின் உணர்வு முக்கியம். பக்கவிளைவுக்கு அஞ்சித் தாமாகவே ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்துகிறார்களே, அதைத்தான் நாங்கள் மிகவும் அஞ்சுகிறோம். சளியில் கிருமி வளர்வது நின்றுவிட்டதை மாதாந்திரக் கல்ச்சர் உறுதிசெய்யும்வரை எம்.சி. என்னும் மருத்துவ விடுப்பு கிடைக்கும், அதுவரை தனியறையும் திறந்த சன்னலும் போதும். 1956இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற சோதனையில், வீட்டிலேயே மருந்துண்ட நோயாளிகளின் குடும்பத்தாருக்கு, மருத்துவமனையில் தங்கவைக்கப்பட்டவர்களின் குடும்பத்தாரைவிட நோய் மிகுதியாக வரவில்லை என்று கண்டார்கள். மருந்து தொடங்குவதற்கு முன் நேர்ந்த தொற்றே பெரிது.

ஆகவே ஒன்று கேட்கிறேன்: மாமாவுடன் லாரியில் உதவியாளாகப் போகும் கிளிண்டான் யார்? கண்ணாடியை ஏற்றி ஏர்கோனைப் போட்டுக்கொண்டு, தோட்டத்துக்கும் ஆலைக்கும் இடையே அவருக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தவர், பேரப்பிள்ளைகளைவிடக் கூடுதலாக அந்தக் காற்றைச் சுவாசித்திருப்பார். நீங்கள் கொடுத்த விவரத்தில் அவர் பேர் இல்லை.

பதில்: சிப்புட்காரன்

மிஸ்ஸி அக்கா, கிளிண்டான் கொங்சியில் இருக்கும் ஒரு நேப்பாள இளைஞர். அவருக்கு இருமல் எதுவும் இல்லை என்று மாமா சொல்கிறார். ஃபோமேமாவிலும் அவருக்குக் குறை ஏதும் காணவில்லையாம். அனுமதி போய்விடுமோ என்று பயந்து, அழைத்தால் வரமாட்டார் என்று தோன்றுகிறது.

பதில்: கிளினிக் மிஸ்ஸி

அப்படியானால் அவர் மாமாவுக்குக் கொடுத்தவராக இருப்பதைவிட மாமாவிடமிருந்து வாங்கியவராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அவருடைய பெயரையும் எந்தக் கொங்சி என்பதையும் மாமாவைக் கேட்டு, தொடர்பில் இருந்தோர் பட்டியலில் எழுதிக் கொடுங்கள். 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி மாமாவின் நோய் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து அதிகாரி நேரில் போய்ப் பேசுவார். மாமாவும் கூடவே ஃபோனில் இரண்டு வார்த்தை சொன்னால் அந்தப் பையன் வருவான். முதலாளி சொல்வதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டியவர் சொல்வதைக் கேட்பான். காலையில் வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்பதில்லை; எக்ஸ்ரேக்கும் சளிக்கும் சாப்பிட்டுவிட்டே வரலாம்.